கேதம் கேட்க ஆளில்லாத கோயில்

எங்கள் பக்கம் கேத வீட்டுக்குப் போகிறவர் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்: எப்ப ஆச்சு, எப்படி ஆச்சு. முசிறியில் இருந்த அகஸ்டஸ் கோயிலுக்காகக் கேதம் கேட்கப் போனால் இரண்டுக்கும் பதில் சொல்ல அங்கே ஆளில்லை. கோயில் எந்தத் திசை பார்த்து நின்றது என்று கைகாட்டக்கூட ஆளில்லை. ரோமாபுரியின் முதல் சக்கரவர்த்திக்கு, சேர நாட்டுக் கரையில், பேரியாறு கடலைச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் எழுப்பிய கோயில் அது. ஒரு செங்கல் மிஞ்சவில்லை, ஒரு கல்வெட்டு இல்லை. நம் புலவர்கள் முசிறியின் மிளகு மூட்டைகளைப் பாடினார்கள். தோணியில் கரைக்கு வந்த பொன்னைப் பாடினார்கள். பாண்டியன் படையோடு வந்து ஊரை வளைத்துக்கொண்டதையும் விடவில்லை. கோயிலைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. மிஞ்சியது ஒரு வரைபடத்தில் ஒரு சின்னக் கட்டடப் படமும் அதன் மேல் எழுதிய பெயரும்.

அந்த வரைபடம் வியன்னாவில், ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஆறே முக்கால் மீட்டர் நீளம், ஒன்றரைச் சாண் அகலம். ரோமானியப் பேரரசின் சாலைகளைக் காட்டும் ஒரு பழைய மூலத்தைப் பார்த்து, 12 அல்லது 13ஆம் நூற்றாண்டில் யாரோ ஒருவர் தோலில் எழுதிய படி. கொன்ராட் செல்டிஸ் என்ற அறிஞர் அதைக் கண்டெடுத்தார். 1508இல் அவர் இறந்தபோது அவுக்ஸ்பர்க் நகரத்துக் கொன்ராட் பாய்டிங்கருக்குப் போனது. அதனால் இன்றைக்கும் பாய்டிங்கர் வரைபடம் என்றே பெயர். அகலம் போதாததால் உலகத்தை மேலும் கீழும் நசுக்கிப் பக்கவாட்டில் இழுத்து வரைந்திருக்கிறார்கள். மேற்கு ஓரத்து ஏடு தொலைந்துவிட்டது. கிழக்கு ஓரத்தில் இலங்கையோடு நம் நாடு இருக்கிறது. அங்கே ஒரு காயல், காயலின் பக்கத்தில் முசிறி, அதற்கருகே அகஸ்டஸ் கோயில். கொஞ்சம் தள்ளி, இந்தப் பகுதிகளில் யானைகள் பிறக்கும் என்று ஒரு குறிப்பு. 2023இல் சின்னக்கானல் பக்கத்து அரிக்கொம்பன் யானையைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பெரியாறு காட்டில் விட்டார்கள். அது அங்கிருந்து இறங்கிக் கம்பத்துத் தெருக்களில் ஓடியது. அதைப் பார்த்த எங்கள் தேனி மாவட்டத்துக்காரர் யாரும் அந்தக் குறிப்பைப் பொய் என்று சொல்லமாட்டார்.

போடிநாயக்கனூரில் உட்கார்ந்துகொண்டு மேற்குக் கடற்கரைக் கோயிலுக்கு ஏன் அழ வேண்டும் என்று கேட்கலாம். போடியின் சோறு மலைக்கு அந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். விடியுமுன் ஜீப்பில் ஏறி முந்தல் வழியாகப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகிற பெண்கள் சாயங்காலம் திரும்பி வருகிறார்கள். காய் என்றாலே எங்களுக்கு ஏலக்காய்தான். அது மலையில் விளைந்து, ஸ்டோரில் உலர்ந்து, போடியில் தரம் பிரிந்து, ஏல மையத்தில் விலை போகிறது. மலை இரு பக்கத்துக்கும் பொது. கிழக்கே வடிகிற நீர் கொட்டகுடி ஆறாகிப் போடிக்கு வருகிறது. மேற்கே வடிகிறதெல்லாம் பெரியாற்றில் விழுந்து, பழைய முசிறிக்குப் போகிறது. சங்கப் புலவர் சுள்ளி என்று பெயர் சொன்ன அதே பேரியாறு. அதன் தலைப்பகுதியில் 1895இல் அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கு நெல் விளைகிறது. முசிறிக்குப் போக வேண்டிய தண்ணீரில் ஒரு பங்கை நாங்கள் குடித்துக்கொண்டிருக்கிறோம். அந்த உரிமையில் கேதம் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

இந்தப் பள்ளத்தாக்கு பழசிலும் ஒதுங்கிக் கிடந்த இடமல்ல. போடிப் பக்கம் கிடைத்த வெள்ளி முத்திரைக் காசுப் புதையலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள்; பின்புறத்து மீன் குறியை வைத்து அவற்றைப் பாண்டியர் காசு என்கிறார்கள். ஆண்டிப்பட்டி வட்டத்துப் புலிமான்கொம்பையில் 2006இல் தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. மதுரையிலிருந்து மேற்கே போகிற ஆளுக்கு இந்த மலைகளைத் தவிர்க்க வழியில்லை.

இனி கோயில் பிறந்த கதை. அகஸ்டஸ் கிமு 30இல் எகிப்தைப் பிடித்தார். அதற்கு முன் அங்கிருந்து செங்கடல் தாண்டி இந்தப் பக்கம் வரத் துணிந்த கப்பல்கள் வருடத்துக்கு இருபதுகூட இல்லை என்கிறார் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ. அவர் எகிப்துக்குப் போயிருந்தபோது ஒரே துறைமுகத்திலிருந்து நூற்றிருபது கப்பல்கள் இந்தியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. கோடையில் புறப்பட்டு, தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்தால், செங்கடல் வாயிலிருந்து நாற்பது நாளில் முசிறி என்பது ரோமானிய எழுத்தாளர் பிளினியின் கணக்கு. திரும்புவதற்கு வடகிழக்குக் காற்று வேண்டும். மார்கழி வாக்கில்தான் பாய் விரிக்கலாம். இடைப்பட்ட மாதங்களில் அலெக்சாந்திரியாக்காரர்கள் முசிறியில் உட்கார்ந்திருக்க வேண்டும். கப்பலைப் பழுது பார்க்கலாம், மிளகுக்குப் பேரம் பேசலாம், கொண்டுவந்த சாடிகளில் உள்ள திராட்சை மதுவைக் குடித்துத் தீர்க்கலாம். அதற்கு மேல் கும்பிடத்தான் நேரம்.

யாரைக் கும்பிடுவது என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இருந்திருக்காது. சுவெட்டோனியஸ் எழுதிய அகஸ்டஸ் வரலாற்றில் ஒரு காட்சி வருகிறது. கிபி 14இல், சாவதற்குச் சில நாட்களுக்கு முன், கிழவர் இத்தாலியின் புட்டியோலி வளைகுடா ஓரமாகப் படகில் போகிறார். அப்போதுதான் அலெக்சாந்திரியாவிலிருந்து வந்து நின்ற கப்பல் ஒன்றின் மாலுமிகளும் பயணிகளும் வெள்ளை உடுத்தி, மாலை சூடி, சாம்பிராணி போட்டு அவரை வாழ்த்துகிறார்கள். உங்களால்தான் உயிர் வாழ்கிறோம், உங்களால்தான் கடலோடுகிறோம் என்பது வாழ்த்தின் சாரம். அவருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கூட வந்தவர்களுக்குத் தலைக்கு நாற்பது பொற்காசு கொடுத்து, அதை அலெக்சாந்திரியாச் சரக்கு வாங்கத்தான் செலவழிக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாராம். அப்படி விற்ற சரக்கில் எங்கள் மலை மிளகு ஒரு பிடியாவது இருந்திருக்கும் என்று நான் நம்பிக்கொள்கிறேன். பிறகு காப்ரித் தீவில் நாலு நாள் தங்கினார். ஆகஸ்ட் 19 அன்று நோலாவில் இறந்தார்.

உயிரோடிருந்த ஒரு மனிதனுக்குச் சாம்பிராணி போட்டதை வரலாற்று நூல்களில் அடிமைத்தனம் என்றும் முகத்துதி என்றும் எழுதுவார்கள். தேனி மாவட்டத்துக்காரனுக்கு அப்படி எழுதக் கை வராது. இங்கே பெரியாற்று அணையைக் கட்டிய கர்னல் பென்னிகுவிக் என்ற ஆங்கிலப் பொறியாளரின் படம் வீட்டுக்கு வீடு சாமி படத்தோடு தொங்குகிறது. பாலார்பட்டியில் அவர் பிறந்தநாளான ஜனவரி 15க்குப் பொங்கல் வைக்கிறார்கள். தேனிப் பேருந்து நிலையத்துக்கு அவர் பெயர். லோயர் கேம்ப்பில் 2013இல் மணிமண்டபம் திறந்தார்கள். சொந்தச் சொத்தை விற்று அணையை முடித்தார் என்று ஊரே நம்புகிறது. அதை மறுக்கிற ஆய்வாளர் எங்கள் டீக்கடைகளில் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது. தண்ணீர் கொடுத்தவனுக்குப் பொங்கல் வைக்கிறோம். எந்த அரசாங்கமும் எங்களை வற்புறுத்தவில்லை. முசிறியில் காற்றுக்குக் காத்திருந்த மாலுமிக்கும் கணக்குப்பிள்ளைக்கும் கடன் கொடுத்த முதலாளிக்கும் அகஸ்டஸ் அப்படிப்பட்ட ஆள். கடல் வழியைத் திறந்துவிட்டவர். அவருக்கு ஒரு கூரை போட்டுச் சிலை வைப்பது அவர்களுக்கு ஓர் அரசியல் காரியமாகவே தோன்றியிருக்காது.

சிலர் அந்த வரைபடத்துக் கோயிலையே நம்புவதில்லை. படியெடுத்தவர் எங்கோ இருந்ததை இங்கே போட்டுவிட்டார், அல்லது உள்ளூர்க் கோயில் ஒன்றுக்கு ரோமானியப் பெயர் சூட்டிவிட்டார் என்பார்கள். இருக்கலாம். ஆனால் ஊரில் யவன வியாபாரிகள் வந்து தங்கியிருந்தார்கள் என்பதற்கு வேறு தடங்களும் உண்டு. இதே வியன்னா நூலகத்தில் 1980இல் வாங்கி, 1985இல் அச்சேறிய ஒரு பாப்பிரஸ் ஏடு இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முசிறி வியாபாரத்துக்காக வாங்கிய கடனைப் பற்றிய ஒப்பந்தம். கப்பலின் பெயர் ஹெர்மாபோலோன். சரக்கில் கங்கைக்கரைச் சடாமாஞ்சில், யானைத் தந்தம் முதலியவை. எகிப்தில் இறங்கியதும் நாலில் ஒரு பங்கு சுங்கம். காய்க்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி கட்டவே மூக்கைச் சிந்துகிற எங்கள் வியாபாரிகளிடம் இருபத்தைந்து சதவீதம் என்று சொன்னேன். ஒருவர், "அப்பறம் என்னத்துக்குய்யா கப்பல் ஓட்டுனான்?" என்றார். பிளினி அதற்குப் பதில் எழுதி வைத்திருக்கிறார்: நம் சரக்கு அங்கே வாங்கிய விலையைப் போல் நூறு மடங்குக்கு விற்றது, வருடத்துக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசை இந்தியா உறிஞ்சிவிடுகிறது என்று அவருக்கு வயிற்றெரிச்சல்.

கோயில் எப்படி இருந்திருக்கும்? வரைபடத்துப் படத்தைப் பார்த்துப் பளிங்குத் தூணைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. அங்கே நிற்பது சம்பிரதாயக் குறி. எல்லாக் கோயிலுக்கும் ஏறக்குறைய அதே படம்தான். பெரியாற்று முகத்துவாரம் சேறும் மணலும். அந்த மண்ணில் கல் கிடையாது. செம்புறாங்கல், செங்கல், மரம், ஓடு இவ்வளவுதான் கைக்கு எட்டும். என் கணக்கில் அது ஒரு கிட்டங்கியை விடப் பெரிதாக இருந்திருக்காது. உள்ளே ஒரு சிலை, வெளியே ஒரு பலிபீடம். அகஸ்டஸ் பிறந்தது செப்டம்பர் 23. எகிப்திலிருந்து காற்றில் வந்த கப்பல்கள் முசிறிக்கு வெளியே நங்கூரம் போட்டு, சரக்கைத் தோணிகளில் மாற்றி, ஆள்கள் காலார நடக்கத் தொடங்கியிருக்கும் சமயம். நம் கணக்கில் புரட்டாசி முதல் வாரம். மழை விட்டு விட்டுப் பெய்யும். மலையில் காயெடுப்பு நடக்கும். அந்த நாளில் அங்கே ஒரு விருந்து நடக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இதைப் படித்துவிட்டு அந்தக் காலத்துத் தமிழர்கள் சீசரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் 1898இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலை மேல் உளியால் ஒரு வெட்டு. மறுபடி காசாகப் புழங்கக் கூடாது என்று வெட்டினார்களோ, பொன் அசலா என்று பார்க்க வெட்டினார்களோ, தலை தலையாக வெட்டித் தள்ளியிருக்கிறார்கள். நம் ஆட்களுக்குச் சீசர் என்பது எடை. யவனருக்கு அவர் சாமி. இரண்டும் ஒரே துறைமுகத்தில் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன; யாருக்கும் உறுத்தவில்லை. மதுரைப் பாண்டியனிடமிருந்து அகஸ்டஸுக்குத் தூது போனதாக ஸ்ட்ராபோ ஒரு தகவல் சொல்கிறார், அனுப்பியது போரஸ் மன்னன் என்பாரும் உண்டு என்று சேர்த்துக்கொண்டு. அந்தப் பாண்டியரின் வழிவந்தவன்தான் முசிறியை வளைத்துக்கொண்டான். யானைகள் வந்து நின்ற அன்றைக்குக் கோயிலைத் தொட்டார்களா என்று புலவர் சொல்லவில்லை. அவர் கண் பாண்டியன் கவர்ந்து வந்த படிமத்தின் மேல் இருந்தது.

இன்னொன்று. ஏலக்காய் முசிறியில் கப்பல் ஏறியது என்று ஊர்ப்பெருமை பேச எனக்கும் ஆசைதான். கிபி முதல் நூற்றாண்டில் எழுதிய பெரிப்ளஸ் என்ற கடல்வழி நூல் இந்தக் கரைத் துறைகளில் கிடைப்பதாக மிளகு, முத்து, தந்தம், பட்டு, சடாமாஞ்சில், இலவங்கப்பத்திரி, ஆமை ஓடு, கல் வகைகள் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. ஏலக்காய் அதில் இல்லை. ஒரு நூற்றாண்டு கழித்து அலெக்சாந்திரியாச் சுங்கப் பட்டியலில் அதன் பெயர் வருகிறது. வேடிக்கை என்னவென்றால், வெள்ளை மிளகும் திப்பிலியும் உள்ள அந்தப் பட்டியலில் கறுப்பு மிளகு இல்லை. எல்லார் வீட்டு உலையிலும் போய் விழுந்த சரக்குக்கு அந்தச் சுங்கம் வேண்டாம் என்று விட்டிருக்கலாம். ரோமாபுரியில் கிபி 92இல் மிளகுக்கென்றே டொமிஷியன் சக்கரவர்த்தி கிட்டங்கி கட்டிவிட்டார். கோயிலைக் கட்டியது மிளகு. ஏலக்காய்க்கு அதில் பங்கு கேட்பது நியாயமில்லை.

சரி, எப்படிச் செத்தது? ஊர் அழிந்ததால் என்று பொதுவாகச் சொல்வார்கள். 1341இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் முசிறிப் பக்கத்துக் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்து, தெற்கே கொச்சியில் புது வாயைத் திறந்துவிட்டது, வைப்பின் தீவும் அதில் எழுந்தது என்பது மேற்குக் கரையில் எல்லாரும் சொல்லும் கதை. ஆனால் அந்த வெள்ளம் வரும்போது கோயில் இருந்திருக்காது. செத்து ஆயிரம் வருடம் ஆகியிருக்கும். மூன்றாம் நூற்றாண்டில் ரோமாபுரிக்கே நெருக்கடி. சக்கரவர்த்திகள் ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்தார்கள். வெள்ளிக் காசில் வெள்ளி இல்லாமல் போனது. எகிப்திலிருந்து வந்த பாய்கள் குறைந்தன. ஒரு புரட்டாசியில் நாலு கப்பல், அடுத்த புரட்டாசியில் இரண்டு, பிறகு ஒன்றும் வராத ஒரு வருடம். ஊர் இருந்தது, துறை இருந்தது, மிளகும் வந்து குவிந்தது. சாம்பிராணி போட ஆள் வரவில்லை. கூரை ஒழுகியிருக்கும். நல்ல மரத்தையும் செங்கல்லையும் பக்கத்து வீட்டுக்காரர்கள் எடுத்துப்போயிருப்பார்கள். நாமும் அதைத்தான் செய்திருப்போம்.

அதே கரையில் மற்றவர்களுக்கு நடந்ததைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கிபி 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டிலிருந்து, அதாவது பழைய முசிறியிலிருந்து, ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் செப்பேடு கொடுத்தான். அந்தச் செப்பேடு கொச்சி யூதர்களிடம் பத்திரமாக வந்து சேர்ந்தது. தோமையார் வந்திறங்கியது இங்கேதான் என்று கிறிஸ்தவர்கள் சொல்கிறார்கள். சேரமான் பள்ளிவாசல் இருக்கிறது. கொடுங்கல்லூர்ப் பகவதிக்கு மீன மாதத்தில் பரணி. அன்றைக்கு ஊர் தாங்காத கூட்டம். கடல் வழி வந்த கடவுள்கள் எல்லாருக்கும் இங்கே பெண் எடுத்து, பெண் கொடுத்து, பிள்ளை பெற்று, பிணத்தைப் புதைத்து வாழ்ந்த சனங்கள் இருந்தார்கள். அகஸ்டஸுக்கு இருந்தது காற்றுக்குக் காத்திருந்த கூட்டம். அவர்களோடு அவரும் கிளம்பிவிட்டார்.

எங்கள் சரிவில் இதைக் கண்ணால் கண்டிருக்கிறோம். மூணாற்றிலிருந்து மலை விளிம்பு வரைக்கும் 1908 முதல் ஒரு குட்டி ரயில் ஓடியது. விளிம்பில் இறங்கிய தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிப் பக்கம் இறங்கி, குரங்கணி வழியாகப் போடிக்கு வந்தன. 1924 ஜூலை வெள்ளம் தண்டவாளத்தைத் தூக்கிக்கொண்டு போனது. மலையாளத்தார் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள், கொல்லம் ஆண்டு 1099 ஆகையால். ரயிலை மறுபடி போடவில்லை. அந்த இடத்தை இன்றும் டாப் ஸ்டேஷன் என்கிறோம். ஞாயிற்றுக்கிழமை படம் எடுக்கக் கூட்டம் நெருக்குகிறது. ஸ்டேஷன் எங்கே என்று எவரும் கேட்பதில்லை. போடிக்கு வந்த மீட்டர்கேஜ் ரயிலும் 2010 கடைசியில் நின்றது. அகலப்பாதையாகித் திரும்ப வர 2023 ஆனது. சாமான் போக வர வழி மாறினால் வழியோரத்தில் இருப்பதெல்லாம் படுத்துவிடும். இத்தனைக்கும் எங்கள் ரயிலுக்கு அழுத ஆட்கள் உண்டு. நான் அவர்களில் ஒருவன்.

பழைய முசிறி என்று பலர் சொல்லும் பட்டணம் என்ற ஊருக்கு நான் போனது மழை விட்ட ஒரு மாதத்தில். போடிமெட்டு, பூப்பாறை, தேவிகுளம், மூணாறு, அடிமாலி. நேரியமங்கலத்தில் 1935இல் திறந்த வளைவுப் பாலத்தில் பெரியாற்றைத் தாண்டும்போதே காற்றில் குளிர் போய்விடுகிறது. அந்த ஆற்றோடு சரக்கு மிதந்து இறங்கிய திசையிலேயே ஆலுவா போய், வடக்குப் பறவூரைத் தாண்டினால் பட்டணம். தென்னையும் வாழையும் வீடுகளும் நெருங்கிய ஒரு மேட்டு நிலம், அவ்வளவுதான். மழை பெய்தால் இந்தத் தோட்டங்களில் பாசிமணி மேலே வரும், பிள்ளைகள் பொறுக்குவார்கள். நிலவியல் ஆய்வாளர் கே.பி. ஷாஜன் அதைக் கவனித்தார். தொல்லியலாளர் வீ. செல்வகுமார் 2004இல் சோதனைக் குழி போட்டார். 2007 முதல் கேரள வரலாற்று ஆய்வுக் கழகத்தின் சார்பில் பி.ஜே. செரியன் தலைமையில் பெரிய அகழ்வாய்வு. செங்கல் படித்துறை, கட்டுத்தறிகளாக நட்ட மரத்தூண்கள், சேற்றில் புதைந்த ஆறு மீட்டர் தோணி, ஆயிரக்கணக்கில் மதுச்சாடி ஓடுகள், மிளகு மணிகள் எல்லாம் வந்தன. கோயில் வரவில்லை. மேட்டில் ஒரு விழுக்காடுகூட இன்னும் தோண்டவில்லை. மற்றதன் மேல் சனங்கள் வீடு கட்டிச் சமைத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுந்து போகச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

2020இல் செரியனின் பாமா நிறுவனம் தோண்டியபோது, ஸ்பிங்க்ஸ் உருவம் செதுக்கிய சின்னஞ்சிறு முத்திரைக் கல் ஒன்று வந்தது. அகஸ்டஸ் முதலில் பயன்படுத்திய முத்திரையில் ஸ்பிங்க்ஸ்தான் இருந்தது என்று சுவெட்டோனியஸ் எழுதியிருக்கிறார். பத்திரிகைகள் சக்கரவர்த்தியின் மோதிரமே கிடைத்துவிட்டதுபோல எழுதின. எனக்கு அவ்வளவு வேகம் இல்லை. தலைவன் முத்திரையைப் பார்த்து அதே மாதிரி மோதிரம் போட்டுக்கொள்ளும் தொண்டர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். ஆனாலும் கோயிலின் சாவுக்குப் பிறகு வீட்டிலிருந்து கிடைத்த ஒரே சாமான் என்று சொல்ல ஏதாவது உண்டென்றால் அது இந்தக் கல்தான். பட்டணம்தான் முசிறியா என்பதிலேயே தகராறு, எம்.ஜி.எஸ். நாராயணன் போன்ற மூத்த வரலாற்றாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. முசிறி தமிழனுடையதா மலையாளியுடையதா என்று இன்னொரு சண்டை இணையத்தில் ஓடுகிறது. முசிறி இருந்த காலத்தில் அங்கே பேரம் பேசியவன் எந்தப் பள்ளியிலும் இந்த இரண்டு பாடப் புத்தகத்தையும் படிக்கவில்லை. நான் கடையில் கோயிலைப் பற்றிக் கேட்டபோது, கடைக்கார அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சேட்டா, அம்பலமெல்லாம் கொடுங்கல்லூரில்" என்று பகவதிக்கு வழி சொல்லி அனுப்பினார்.

அகஸ்டஸின் மற்ற இடங்களுக்கு இந்தக் கதி இல்லை. காப்ரித் தீவில் அவர் கடலோர மாளிகையின் சுவர்கள் அலையில் நிற்கின்றன. அதே தீவின் கிழக்குப் பாறை உச்சியில் அவருக்குப் பின் வந்த திபேரியஸ் கட்டிய யோவிஸ் மாளிகையை 1930களில் மயூரி என்ற ஆய்வாளர் மண்ணிலிருந்து வெளியே எடுத்தார். மழைநீரைச் சேர்த்த தொட்டிகள் இன்றும் இருக்கின்றன, உலகமே ஏறிப் போய்ப் பார்க்கிறது. அந்தத் திபேரியஸ்தான், பெண்டுகள் அணியும் கற்களுக்காக நம் பணம் வெளிநாட்டுக்குப் போகிறதே என்று செனட் சபைக்குக் கடிதம் எழுதியவர். பணம் வந்து சேர்ந்த இடம் தென்னந்தோப்பு. பணம் கிளம்பிய இடம் சுற்றுலாத் தலம்.

மறைந்த கோயிலுக்கு உடன்பிறந்தார் உண்டு: குரோவாசியாவின் பூலாவில் ஒன்று, பிரான்சின் வியன் நகரத்தில் ஒன்று, அங்காராவில் ஒன்று. மூன்றும் நிற்கின்றன. அங்காராக் கோயில் சுவரில் அகஸ்டஸ் தன் சாதனைகளைத் தானே சொன்ன நீண்ட கல்வெட்டு இருக்கிறது. அதில், அதுவரை எந்த ரோமானியத் தலைவனிடமும் வராத இந்திய மன்னர்களின் தூதர்கள் தன்னிடம் பலமுறை வந்தார்கள் என்று பெருமைப்படுகிறார். துருக்கியில் இருக்கிற தங்கை நம்மைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.

கேதம் கேட்கப் போகிறவர்கள் போடியிலிருந்து காலை வண்டியில் மூணாறு போய், ஆலுவாவுக்கு மாறி, பறவூர் வழியாகக் கொடுங்கல்லூர் போகும் பஸ்ஸில் பட்டணத்தில் இறங்கலாம். மாலை வாங்க வேண்டாம், போட இடமில்லை. பொழுதிருந்தால் சேந்தமங்கலத்தில் பாலியம் அரண்மனை அருங்காட்சியகத்தையும் யூதர்களின் பழைய தொழுகைக் கூடத்தையும் பார்த்துவிட்டு வரலாம். விடுமுறை நாளை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மிளகு வாங்குவதாக இருந்தால் போகும் வழியில் அடிமாலியிலேயே வாங்கிவிடுங்கள். கடலுக்குக் கிட்டப் போகப் போக அதன் விலை ஏறும். பிளினி காலத்திலிருந்தே அப்படித்தான்.